உப்புப் படிந்த சில்லு

கலைப்பீடத்தில் தமிழ் பயிலும் ஒருவனுக்குக் கணினிச் சில்லுகளைப் பெருப்பித்துப் படம்பிடிப்பதில் என்ன அலுவல் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அவ்வலுவல் எங்கள் வீட்டு அலுமாரியில் நெடுநாள் கிடந்தது.

2004 டிசம்பரில் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா சிறிய டிஜிட்டல் கமரா ஒன்று கொணர்ந்திருந்தார். கைக்குழந்தையாயிருந்த என்னைப் பெத்தாவின் மடியிலிருத்திப் படமெடுத்தாராம். சில நாட்களில் 26ஆந் திகதி வந்தது. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் பெரியகல்லாற்றில் அலைக்குத் தப்பியோடப் பெருநிலம் இல்லை. பெத்தா போய்விட்டார், பழைய படங்களும் போயின. சேற்றிலிருந்து அந்தக் கமரா கிடைத்தது.

சென்ற ஆண்டு அதனைக் கழற்றினேன். பெரும்பாலான சில்லுகள் கறுப்புப் பிசின் உறைக்குள் மூடுண்டவை. திறப்பதற்கு அமிலம் வேண்டும். கமராவின் ஒளியுணரியும் ஒரு சில்லே. ஆனால் அது கண்ணாடியின் கீழ் வெளித்தெரியக் கிடப்பது. பழைய ஃபிலிம் கமராவொன்றின் 50 மில்லிமீற்றர் வில்லையை முன்பின்னாகத் திருப்பிப் பொருத்தினால் அதுவே உருப்பெருக்கியாகிவிடும். எனினும், தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீற்றரிலும் மிகக் குறைவு. ஆதலால் கமராவை இம்மியிம்மியாக நகர்த்தி முப்பது நாற்பது படங்களெடுத்து, அவற்றைக் கணினியில் ஒன்றாக அடுக்கல் வேண்டும். கல்முனை வீதியில் ஒரு பேருந்து போனாலும் மேசை அதிரும். நள்ளிரவுக்குப் பின்னரே வேலை. சிலிக்கன் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பியடிப்பதால் விளக்கை எண்ணெய்த்தாளால் மறைத்துச் சரிவாக வைத்தேன்.

சில்லின் நடுவே பச்சையும் ஊதாவுமாக மினுங்கும் ஒரு வெளி. அதிலுள்ள புள்ளிகள் ஒவ்வொன்றும் மில்லிமீற்றரின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கேயாதலால் என் வில்லைக்கு அவை தனித்தனியே அகப்படவில்லை. ஓரங்களிலே மில்லிமீற்றரின் நாற்பதிலொரு பங்கு தடிப்புள்ள பொற்கம்பிகள் வளைந்து நின்றன. கண்ணாடியின் மூலையொன்று வெடித்திருந்தது. அவ்வழியே புகுந்த கடல்நீர் வெண்ணிற உப்பாய் உறைந்து கிடந்தது. பொன் கெடவில்லை. அது பற்றியிருந்த அலுமினியத் திட்டுகளே அரித்துப் போயிருந்தன.

1971இல் வெளிவந்த இன்டெல் 4004 சில்லின் விளிம்பில், அதனை வடிவமைத்த ஃபெடரிக்கோ ஃபஜின் தம் பெயரின் முதலெழுத்துக்களைப் பொறித்துவைத்தார் என்பது பலரறிந்தது. அப்படி ஏதேனும் மனிதச் சுவடு இதிலும் உண்டோவெனத் தேடினேன், இல்லை. உண்மையில் நான் தேடியது வடிவமைத்தவனின் சுவட்டையன்று.

ஒளியுணரி எதனையும் நினைவில் வைத்திருப்பதில்லை. 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் வில்லார்ட் பொய்லும் ஜோர்ஜ் சிமித்தும் கண்ட முறைப்படி, ஒளி விழுந்த இடமெல்லாம் மின்னேற்றம் திரளும். தீயணைக்க நிற்போர் வாளிகளைக் கைமாற்றுவதுபோல அது வரிசை வரிசையாக விளிம்புக்குக் கடத்தப்படும். பின் அடுத்த படத்துக்காகச் சில்லு வெறுமையாகும். பெத்தாவின் முகம் அங்கே ஒரு கணம் தங்கி நினைவட்டைக்குப் போயிற்று.

அந்த அட்டையும் கிடைத்ததுதான். அம்மா நகரத்துக் கடையொன்றுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்தவர் பொருத்திப் பார்த்து, உப்புத் தின்றுவிட்டது என்றார். அம்மா அதனை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

சில்லுகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பின்னரே அறிந்தேன்: அதே அலையில் தாய்லாந்தின் காவோ லாக் கரையில் இறந்த கனடியத் தம்பதியரின் கமரா சிதைந்திருந்தும், அதன் நினைவட்டை 2005இல் படிக்கப்பட்டது. அலை நெருங்கிவரும் காட்சி வரை அதில் இருந்தது. கடல்நீர் வெளித்தொடுப்புகளை அரிக்கலாம். உள்ளே பிசினுள் மூடுண்ட நினைவுச் சில்லு பிழைத்திருக்கக்கூடும். எங்களுடையதும் பிழைத்திருந்ததா? அதனை இனி எவராலும் சொல்ல இயலாது. அம்மாவிடம் நான் இன்னும் இதைக் கூறவில்லை. கூறுவது நேர்மையா, கொடுமையா என்பதை எந்த இலக்கியப் பாடத்திலிருந்தும் என்னாற் பெற முடியவில்லை.

அச்சிட்ட படத்தை மட்டும் காட்டினேன். சன்னலருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார்.

"அம்மாட முகம் இதுலயா மகன் விழுந்த?"

"ஓம் அம்மா."

மூலையிலிருந்த வெண்மையை விரலால் தடவினார். "இந்த உப்பத் துடைக்க ஏலாதா?"

தொட்டால் கம்பிகள் அறுந்துவிடும் என்றேன்.