கரண்ட் வந்ததும் யாரு பெரியவன்?

நமக்குப் பொழப்பு கோடு எழுதுறது. ஸ்விட்ச்சுக்கும் எனக்கும் இருக்கிற ஒரே உறவு, கேபிளைச் சொருகினா லைட் எரியணும், அவ்ளோதான். ஆனா சின்ன ஆபீஸ்ல நெட்வொர்க் பாக்குற நண்பர் கல்யாணத்துக்கு லீவு போட்டுட்டா, "நீயும் எஞ்சினியர்தானேப்பா"ன்னு டேமேஜர் அந்த ஆணியையும் நம்ம தலையில அடிச்சிடுவார். அடிச்சார்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை. கட்டிடத்துல மின் பராமரிப்புன்னு மொத்தமா நிறுத்தி, ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பக் கொடுத்தாங்க. எல்லா லைட்டும் பச்சை. வீட்டுக்குக் கிளம்பலாம்னு பார்த்தா, இன்டர்நெட் மட்டும் வரலை.

(டெக்னிக்கல் மொக்கை வேணாங்கிறவங்க அடுத்த மூணு பத்தியைத் தாண்டிடுங்க :-))

எங்க ரேக்குல இருக்கிறது மூணு சிஸ்கோ கேட்டலிஸ்ட் 3750. விற்பனை நின்னு பல வருஷம் ஆச்சு, இன்னும் ஓடுது. பின்னாடி ஸ்டாக் கேபிள் போட்டு இணைச்சா எல்லாம் சேர்ந்து ஒரே ஸ்விட்ச் மாதிரி நடந்துக்கும். ஒன்பது வரைக்கும் இணைக்கலாம். அதுல ஒண்ணு மாஸ்டர், மத்ததெல்லாம் மெம்பர். வெளியில காட்டுறது மாஸ்டரோட மேக் முகவரியைத்தான். எங்களுக்கு லைன் கொடுக்கிறவங்க அந்த முகவரியைப் பதிஞ்சு வெச்சு, அதுக்கு மட்டும்தான் கதவைத் திறப்பாங்க. கரண்ட் போறதுக்கு முன்னாடி மாஸ்டர் முதல் ஸ்விட்ச். வந்தப்புறம் மூணாவது. முகவரி மாறினதால வாசல்லயே நிறுத்திட்டாங்க.

ஏன் மாறுச்சு? ஏற்கெனவே மாஸ்டரா இருக்கிறவன் தொடரலாம்ங்கிறது முதல் விதி. முதல் ஸ்விட்ச் தனியா ஓடிட்டு இருந்தப்போ மத்த ரெண்டும் பின்னாடி வந்து சேர்ந்ததால, அதுவே மாஸ்டரா இருந்திருக்கு. மொத்தமா அணைஞ்சதும் அந்தப் பதவி போச்சு. அடுத்தது பிரையாரிட்டி. 1ல இருந்து 15 வரைக்கும் வைக்கலாம், பெரிய எண்ணுக்கு முன்னுரிமை. யாரும் எதுவும் வைக்கலைன்னா எல்லாருக்கும் 1. எங்க மூணுக்கும் 1. அப்புறம் கான்ஃபிகரேஷன், மென்பொருள்னு பார்க்கும். அதுலயும் மூணும் சமம். கடைசியா, யாரோட மேக் முகவரி சின்ன எண்ணோ அவன்தான் மாஸ்டர். அதாவது ஃபேக்டரியில ஒட்டின நம்பர். திறமையும் கிடையாது, அனுபவமும் கிடையாது.

இன்னொரு விதி எனக்குப் பிடிச்சிருந்தது. எங்க பெட்டியில 20 வினாடிக்குள்ள ஆன் ஆனவங்களுக்குத்தான் போட்டி. அதுக்கப்புறம் 15 பிரையாரிட்டியோட ஒருத்தன் வந்தாலும் அப்போதைக்கு மெம்பர்தான். ஓடிட்டு இருக்கிறவனைத் தள்ளிட்டு உக்கார முடியாது.

முதல் ஸ்விட்ச்சுக்கு 15 வெச்சேன். உடனே எதுவும் மாறாது, அடுத்த தேர்தல்லதான் எடுபடும். அதனால மொத்த ஸ்டாக்கையும் ரீலோடு பண்ணிட்டு, ஏசி இல்லாத அந்த ரூம்ல தரையில உக்கார்ந்திருந்தேன். அப்போ வீட்டு ஞாபகம் வந்துச்சு.

2021ல அப்பா போனார். அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் ஆஸ்பத்திரி, மருந்து, பேங்க் எல்லாமே அக்காதான். எந்த மாத்திரை எத்தனை மணிக்குங்கிறது வரைக்கும் அவளுக்குத்தான் தெரியும். ஆனா அன்னைக்கு எதைக் கேட்டாலும் சித்தப்பாவும் மாமாவும் சொன்னது ஒண்ணுதான்: "பெரியவன் வரட்டும்." மறுநாள் காலையில அண்ணன் மஸ்கட்ல இருந்து வந்து இறங்கினான். அதுவரைக்கும் எல்லாத்தையும் ஓட்டிட்டு இருந்தவ அக்கா. வந்து நின்னதும் பெரியவன் அவன். பாவம், அவனுக்கு அப்பாவோட பென்ஷன் புக் எங்க இருக்குன்னுகூடத் தெரியாது. ஒவ்வொண்ணையும் அக்காகிட்ட கேட்டுக் கேட்டுத்தான் 'முடிவு' எடுத்தான். அக்கா ஒண்ணும் சொல்லலை. "சரிடா"ன்னு அடுப்படிக்குப் போயிட்டா. நான் பக்கத்துலயேதான் நின்னேன். வாயைத் திறக்கலை.

அண்ணன் மேல தப்பு சொல்ல மாட்டேன். நாங்க யாரும் எதுவும் சொல்லி வைக்கலை. அதனால யாரு முதல்ல பொறந்தாங்கிறதுல வந்து நின்னுச்சு.

பதினோரு மணிக்கு முதல் ஸ்விட்ச் மாஸ்டரா எழுந்துச்சு. நெட் வந்துச்சு.

ஞாயித்துக்கிழமை அண்ணனுக்குப் போன் போட்டேன். "அம்மாவுக்கு ஏதாவது ஒண்ணுன்னா அக்கா சொல்றதுதான். இதை இப்பவே சித்தப்பாகிட்டயும் சொல்லிடலாமா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நானே சொல்லணும்னு இருந்தேன்டா. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை"ன்னான்.

அக்காகிட்ட சொன்னப்போ, "ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தியா? முதல்ல போய்த் தூங்கு"ன்னா. ஆனா போனை உடனே வைக்கலை.

பி.கு: உங்க ஆபீஸ்ல இந்த மாதிரி ஸ்டாக் இருந்தா, 'ஷோ ஸ்விட்ச்'னு ஒரு தடவை அடிச்சுப் பாருங்க. எல்லாருக்கும் நேரே 1ன்னு இருந்தா, கரண்ட் இருக்கும்போதே மாத்திடுங்க.