படியும் பொறுப்பும்

தமிழில் 'படி' என்னும் சொல்லுக்குப் பொருள் பல. காலால் ஏறுவதும் படி. கற்றுக்கொள் என்று ஏவுவதும் படி. அரிசி அளப்பதும் படி. அரபியில் ஏணியை 'ஸுல்லம்' என்பர். 'ஸலாம்' பிறந்த அதே வேரில் பிறந்த சொல் அது. ஏறுபவர் நலமே சேர வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு அச்சொல்லில் அடங்கியிருப்பதாக அகராதியாளர் விளக்குவர். இத்தகைய விளக்கங்களை முப்பது ஆண்டுகளாக மாணவர்க்குச் சொல்லிவந்த நாம், ஒரு படிக்கட்டில் படிக்காமல் கைவைத்து ஒரு மூட்டை அரிசியைக் கொட்டிய கதையை ஈண்டுச் சொல்லத் துணிகிறோம்.

எம்மூர் காயல்பட்டினம். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தூத்துக்குடி மாவட்டத்தை மூழ்கடித்த மழையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 24 மணி நேரத்தில் எம்மூரில் மட்டும் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அன்றிரவு வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தபோது, எண்பதைக் கடந்த நம் உம்மாவை நாற்காலியில் அமர்த்தி, அண்டை வீட்டுப் பிள்ளைகள் நால்வர் மாடிக்குத் தூக்கிச் சென்றார்கள். வெள்ளம் வடிந்தது. உம்மா இறங்கவில்லை. ஏற்கெனவே தளர்ந்திருந்த முழங்கால்கள் அந்தக் குளிரோடு முற்றிலும் ஓய்ந்தன. அதனினும் பெரிது அச்சம். கட்டிலைச் சுற்றித் தண்ணீர் ஏறிய அந்த இரவுக்குப் பின், கீழே படுப்பதற்கு உம்மா இசையவே இல்லை.

எம்மூர் வழக்கப்படி வீடு பெண்மக்களுக்குரியது. ஆண்மக்கள் மணமானபின் மனைவியின் இல்லம் சேர்வார்கள். ஆகவே உம்மா இருப்பது நம் தங்கையின் வீட்டில். நாம் இருப்பது இரண்டு தெரு தள்ளி. அஸர் தொழுதபின் நாள்தோறும் சென்று பார்ப்பதே நம்மால் இயன்ற பணிவிடை. எஞ்சியதெல்லாம் தங்கையின் தோளில் விழுந்தது. இந்தக் குறை நம் நெஞ்சை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

உம்மாவின் விருப்பம் எளியது. இரவில் மாடியில் உறங்க வேண்டும். பகலில் கீழே இறங்க வேண்டும். முடுக்கு வழியே மூன்று வீடு தள்ளியிருக்கும் தம் லாத்தாவைப் பார்க்க வேண்டும். பெண்கள் தெருவுக்கு வராமலே வீட்டுக்கு வீடு சென்றுவருவதற்கென்று எம்மூரில் அமைந்த ஒடுங்கிய சந்துகளே முடுக்குகள். அந்த லாத்தாவோ படுக்கையில் கிடப்பவர்கள். ஒருவர் மாடியிலும் ஒருவர் பாயிலுமாக, உடன்பிறந்த இருவரும் பத்து மாதம் முகம் பார்க்கவில்லை. "நாற்காலியில் வைத்தே தூக்கிச் செல்கிறோம்" என்றோம். "நாலு பேர் தூக்குற நாள் தானா வரும் வாப்பா. அதுக்கு முந்தி எதுக்கு?" என்றார்கள். சந்தூக்கை நினைத்துச் சொன்ன சொல் அது. அதன்பின் நாம் வற்புறுத்தவில்லை.

துபாயில் பணிபுரியும் தங்கை மகன் ஒரு வழி கண்டான். படிக்கட்டின் ஓரமாகச் சாய்ந்த தண்டவாளம் ஒன்றைப் பொருத்தி, அதன்மேல் மோட்டாரால் ஏறியிறங்கும் நாற்காலி அது. ஸ்டேர்லிஃப்ட் என்பர், உம்மா அதற்குப் படிநாற்காலி என்று பெயரிட்டார்கள். புதிதாக வாங்கினால் விலை இலட்சங்களில் ஓடும். அங்கே ஒரு குடும்பத்தார், தம் வீட்டு மூதாட்டி மறைந்தபின் பயனின்றிக் கிடந்ததைக் குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள். வளைந்த படிக்கட்டுக்கான தண்டவாளம் அந்தந்த வீட்டு வளைவுக்கென்றே செய்யப்படுவது. வேறு வீட்டுக்கு உதவாது. நேரான படிக்கட்டுக்குரியதை நீளத்துக்கு ஏற்ப வெட்டிக்கொள்ளலாம். நம் தங்கை வீட்டில் பதினேழு படிகளும் நேராக இருந்தமையால் கப்பலில் அனுப்பிவைத்து, விடுமுறையில் தானும் வந்து சேர்ந்தான்.

இனி எழுந்தது பொருத்துவது யார் என்னும் வினா. இரண்டு நிறுவனத்தார், தாம் விற்காத பழைய கருவியைத் தொட மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். சென்னையிலிருந்து ஒருவர், நேரில் பார்த்தபின் முடிவு சொல்வதாகக் கூறி, நம் இரண்டு மாத ஊதியத்தை ஒத்த தொகையைக் கூலியாகக் குறிப்பிட்டார். மருமகன் சிரித்தான். "மாமா, இது பெரிய வித்தையில்லை. நாலு போல்ட்டு, ஒரு பிளக்கு. வீடியோவிலேயே எல்லாம் இருக்கு" என்றான்.

நாம் இசைந்தோம். சிக்கனம் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. மற்றொன்று, பெற்ற தாய்க்கு நம் கையால் ஒன்று செய்தோம் என்னும் நிறைவு வேண்டியிருந்தது. இத்தனை நாள் செய்யாத பணிவிடையை ஒரே நாளில் டிரில் இயந்திரத்தைக் கொண்டு ஈடுசெய்துவிட எண்ணினோம் போலும்.

இத்தண்டவாளம் சுவரில் தொங்குவதன்று. தாங்குகால்கள் வழியே படிகளின் மேல் நிற்பது. நம் படிகளிலோ கடப்பைக் கல் பதித்திருந்தது. கல்லின் கனம் ஓர் அங்குலம். அதன் கீழே சாந்து. அதற்கும் கீழேதான் காங்கிரீட். இவற்றையெல்லாம் நாம் எண்ணிப் பார்க்கவில்லை. காலை முழுதும் துளையிட்டு, போல்ட்டுகளை முடுக்கி, லுஹருக்குள் தண்டவாளத்தை நிறுத்திவிட்டோம். பொத்தானை அழுத்தியதும் நாற்காலி முனகிக்கொண்டு ஏறியது. தங்கையின் பிள்ளைகள் கைதட்டினார்கள். அஸருக்குப் பின் ஏறி அமர்வதற்காக உம்மா வெள்ளைத் துப்பட்டி உடுத்திக் காத்திருந்தார்கள்.

தங்கைதான், "காக்கா, முதல்ல ஒரு மூட்டையை வச்சுப் பாருங்களேன்" என்றாள். இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டைகள் இரண்டை அமர்த்திக் கட்டினோம். ஏறக்குறைய உம்மாவின் எடை. முதல் பயணம் நலமே முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாம் முறை, மேலிருந்து இறங்கும்போது பாதி வழியில் 'படக்' என்றொரு ஓசை. படிக்கல்லின் விளிம்பு பெயர்ந்தது. தாங்குகால் எழும்பியது. தண்டவாளம் முறுக்கிக்கொள்ள, நாற்காலி வெளிப்புறமாகச் சாய்ந்தது. கட்டு நழுவி, மேலிருந்த மூட்டை எட்டுப் படிகள் உருண்டு, கீழ்ப்படியில் மோதி வாய் பிளந்தது.

எவரும் பேசவில்லை. அரிசி படிப்படியாகச் சொரிந்துகொண்டிருந்த ஓசை மட்டுமே கேட்டது. மாடி வாசலில் கதவைப் பிடித்தபடி நின்றிருந்த உம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள். "அரிசிதானே வாப்பா கொட்டுச்சு, பொறுக்கிக்கிடலாம்" என்று சொல்லிவிட்டு, துப்பட்டியைக் களையச் சென்றுவிட்டார்கள்.

அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. ஃபிக்ஹுக் கலையில் 'ளமான்' என்று ஒரு பாடம் உண்டு. ஒருவன் விளைத்த கேட்டுக்கு அவனே ஈடுசெய்யும் பொறுப்பு என்பது அதன் பொருள். மருத்துவத்தில் தேர்ச்சி அறியப்படாதவன் மருத்துவம் பார்த்தால் நேரும் தீங்குக்கு அவனே பொறுப்பாளி என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூது தொகுப்பில் இருக்கிறது. அப்பாடத்தை ஆண்டுதோறும் நடத்துகிறோம். 'எண்ணம் நல்லதாயிருந்தால் பொறுப்பு நீங்குமா?' என்று மாணவரைக் கேட்டு, 'நீங்காது' என்னும் விடையை வருவித்து மகிழ்கிறோம். அந்த வினா நம்மைத் தேடி வீட்டுக்கே வந்தபோது, டிரில் இயந்திரத்தின் ஓசையில் அது நம் காதில் விழவில்லை. மூட்டை இருந்த இடத்தில் உம்மா இருந்திருந்தால், எந்த ஈட்டைக் கொண்டு எதை நிரப்பியிருப்போம்?

மறுநாளே சென்னைக்காரரை வரவழைத்தோம். வந்தவர் முதலில் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. ஒரு நாணயத்தால் பதினேழு படிகளையும் தட்டிக் கேட்டுக்கொண்டே ஏறினார். ஐந்து படிகளில் உள்ளீடற்ற ஓசை எழுந்தது. பிறகு பிழையை விளக்கினார். நாற்காலி தண்டவாளத்துக்கு நேர் மேலே அமர்வதில்லை; படிக்கட்டின் நடுப்பக்கம் தள்ளி அமர்கிறது. ஆகவே சுமை தாங்குகாலைக் கீழே அழுத்துவதோடு நில்லாமல் முறுக்கவும் செய்கிறது. சுவரோரத்துப் போல்ட்டை மேல்நோக்கிப் பிடுங்குகிறது. "சுமை கல்லோட நிக்கக் கூடாது ஐயா, காங்கிரீட்டுக்குள்ள இறங்கணும்" என்றார். நாமோ கல்லில் மட்டுமே, அதுவும் விளிம்பை ஒட்டித் துளையிட்டிருந்தோம்.

அந்த ஐந்து படிகளிலும் கல்லைப் பெயர்த்துப் புதுக் காங்கிரீட் இட்டு, கொத்தனார் ஏழு நாள் தண்ணீர் விட்டு இறுகச் செய்தார். தாங்குகால்கள் விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி நின்றன. நில இணைப்போடு தனி மின்முனையும், கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் மின்பணியாளரைக் கொண்டு அமைக்கச் செய்தார். நாற்காலி மின்கலத்தால் ஓடுவது. தண்டவாளத்தின் முனையில் நிற்கும்போது தானே மின்னேற்றிக்கொள்வது. ஆதலின் மின்வெட்டிலும் நடுவழியில் நின்றுவிடாது. எதிர்ச்சுவருக்கும் முழங்காலுக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். படியில் ஒரு செருப்பை வைத்து, கால்பலகை அதைத் தொட்டதும் நாற்காலி நிற்கிறதா என்று பார்த்தார். மேல்முனையில் இருக்கை தளத்தை நோக்கித் திரும்பிப் பூட்டிக்கொள்ள வேண்டும். இறங்குபவர் படிக்கட்டின் பக்கம் கால் வைக்கலாகாது. அந்தப் பூட்டு ஒன்று உண்டென்பதே நமக்கும் மருமகனுக்கும் தெரிந்திருக்கவில்லை. இறுதியில் உம்மாவின் எடையைப் போல் இரு மடங்கு ஏற்றி, கருவியின் வரம்புக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்து, செய்த வேலையைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். அந்தக் கையொப்பத்தில் நாம் ளமானைக் கண்டோம்.

மருமகன் விட்டுக்கொடுக்கவில்லை. 1920களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நோயுற்ற நண்பருக்காக இத்தகைய நாற்காலியை அமைத்த கிரிஸ்பென் என்பவர், தாமே பயின்ற பொறியாளர்தாமே என்றான். உண்மைதான். ஆனால் அவர் பயின்றவர். பள்ளியில் பயின்றாரா, பட்டறையில் பயின்றாரா என்பதன்று கேள்வி. சுவரில் ஒரு படம் மாட்டுவதை நாமே செய்யலாம். பிழைத்தால் படம் விழும். பிழைத்தால் விழுவது மனிதர் எனின், படித்தவர் கையே வேண்டும். கூலியைக் கணக்கிடும்போது இந்த ஒன்றையே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நமக்குப் படுகிறது.

அப்படியாயின் மகனுக்கு வேலையில்லையா? உண்டு. படிகளில் செருப்பும் வாளியும் கிடவாமல் பார்ப்பது, பிள்ளைகள் விளையாட்டாக ஏறாதபடி சாவியைக் கழற்றி வைப்பது, ஆண்டுக்கொருமுறை அவரை அழைத்துச் சோதிப்பது, எல்லாவற்றினும் மேலாக உடன் நடப்பது. ஐரோப்பியத் தரவிதி இந்நாற்காலிக்கு விதித்துள்ள உச்ச வேகம் விநாடிக்கு 0.15 மீட்டர். நம் வீட்டினது அதனினும் மெல்லச் செல்கிறது. பதினேழு படிகளைக் கடக்க ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. நாள்தோறும் அந்த ஒரு நிமிடம் நாம் உம்மாவுக்கு ஒரு படி கீழே, முகம் பார்த்தபடி இறங்குகிறோம்.

முதல் நாள் அவ்வாறு இறங்கியதும், உம்மா நம் கையைப் பற்றிக்கொண்டு, சுவரைத் தடவியபடி முடுக்குக்குள் நடந்தார்கள். மூன்று வீட்டைக் கடக்கக் கால் மணி நேரமாயிற்று. லாத்தா படுத்திருந்த அறையின் வாசலில் நம் கையை விட்டுவிட்டு, "நீ போ வாப்பா, மஃரிபுக்கு வந்தால் போதும்" என்றார்கள். உள்ளிருந்து இரண்டு முதிய குரல்கள் ஒருங்கே ஸலாம் சொல்லக் கேட்டோம்.