கவுன்டரில் கேட்காத காகிதம்

டல்லாஸ் பக்கம் குடிவந்ததும் மகளை அரசுப் பள்ளியில் சேர்க்கப் போனேன். கோப்பு நிறைய விசா, பாஸ்போர்ட், கம்பெனிக் கடிதம். தமிழ்நாட்டுச் சித்தேரி மலையிலிருந்து இறங்கி, சாதிச் சான்றுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்தவனுக்குக் காகிதப் பயம் லேசில் போகாது. பள்ளி அலுவலகத்து அம்மா கேட்டதோ வாடகை ஒப்பந்தம், பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை. விசாவை நீட்டியும் வாங்கவில்லை.

வாங்காததற்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. முறையான அனுமதியின்றிக் குடிவந்த பிள்ளைகளின் படிப்புக்கு மாநிலப் பணம் கிடையாது என்று 1975இல் டெக்சாஸ் சட்டம் போட்டது. இங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய டைலர் ஊர்ப் பள்ளி நிர்வாகம், 1977இல் அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டச் சொன்னது. மெக்சிகோவிலிருந்து கூலிக்கு வந்தவர்கள் அவ்வளவு பணத்துக்கு எங்கே போவார்கள்? சில குடும்பங்கள் வழக்குப் போட்டன. அடையாளம் வெளியே தெரியக் கூடாதென்று நீதிபதி வில்லியம் வெய்ன் ஜஸ்டிஸ் விசாரணையைக் காலை 6 மணிக்கே வைத்தார். அப்படியே பிடித்து நாடுகடத்திவிடுவார்களோ என்று மூட்டைமுடிச்சைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982 ஜூன் 15 அன்று, பிள்ளைகளுக்குப் பள்ளியை மறுக்க முடியாது என்றது. 5க்கு 4. ஒரே ஓட்டு!

அந்த ஒரு ஓட்டின் மேல் பலருக்குக் கண். தீர்ப்பை மறுபடி கிளறலாம் என்று டெக்சாஸ் ஆளுநர் அபாட் 2022இல் சொன்னார். 2025இல் டென்னசி மாநில மேலவை, பள்ளிகள் பிள்ளைகளின் குடியுரிமை நிலையைச் சரிபார்க்கச் சொல்லும் ஒரு மசோதாவையே நிறைவேற்றியது; அந்த ஆண்டு அது சட்டமாகவில்லை.

எங்கள் தமிழ் வாட்சப் குழுவில் ஒருவர் எழுதினார்: "நமக்கென்ன அண்ணே, நாம லீகலா வந்தவங்க." எச்1பி விசாக்காரருக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு வழி பிறக்காவிட்டால் நம் பிள்ளையின் நிலையும் கேள்விக்குறிதான். அன்றைக்கு அந்தப் பிள்ளையை வகுப்பில் உட்காரவைப்பது டைலர் கூலிக்காரர்கள் வாங்கித் தந்த தீர்ப்பு. இதை எழுதிப் போட்டேன். யாரும் பதில் போடவில்லை.

ஊரில் எங்கள் சித்தேரிப் பிள்ளைகள் நாட்டு எல்லை தாண்டுவதில்லை; ஆனாலும் அவர்களுக்கும் பள்ளி வாசலில் காகிதச் சிக்கல் உண்டு. மிளகு பறிக்க, காப்பித் தோட்ட வேலைக்கென்று அப்பா அம்மாவோடு கேரளா, கர்நாடகா போய்ப் பாதி ஆண்டில் திரும்புகிறார்கள். டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வரத் தாமதமானால் அதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று இந்தியாவின் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. மலையில் இது தெரிந்தவர்கள் குறைவு. ஊருக்குப் போன் பேசும்போதெல்லாம் அண்ணியிடம் சொல்லிவைக்கிறேன்: "டி.சி. இல்லைன்னு திருப்பி அனுப்பினா, அஞ்சாம் பிரிவுன்னு கேளுங்க அண்ணி."