சத்தம் போடாத முரசு

(இளங்கலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

சென்ற கல்லூரி ஆண்டு விழாவில் நான் டிரம்ஸ் வாசித்தபோது கைதட்டிய நண்பர்கள், இக்கட்டுரையைப் படித்த பின் அந்தக் கைதட்டலைத் திருப்பிக் கேட்டாலும் கேட்கலாம். கேட்டால் கொடுத்துவிடச் சித்தமாகவே இருக்கிறேன்.

விழா முடிந்த சில மாதங்களில், எங்கள் போடி மெல்லிசைக் குழு சொந்தமாக இரண்டு பாடல்களைப் பதிவு செய்ய மதுரைக்குச் சென்றது. மூன்று ஆண்டுகளாகத் திருவிழா மேடைகளில் வாசித்தவன் என்ற இறுமாப்பு எனக்கு. பதிவுக்கூடத்தில் காதில் ஹெட்போனை மாட்டி, 'டிக் டிக்' என்று கிளிக்கை ஓடவிட்டு, அதனோடு வாசிக்கச் சொன்னார்கள். நான்காம் முறை முடித்ததும் கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிப்பதிவாளர் சொன்னார்: "தம்பி, நல்லா வாசிக்கிறீங்க. ஆனா ஓடுறீங்க."

சரணம் வந்தால் என் கைக்கும் காலுக்கும் அவசரம் வந்துவிடுகிறது. மேடையில் இது தெரியாது. நான் ஓடினால் கீபோர்டுக்காரர் ஓடுவார், பாடுகிறவரும் மூச்சு வாங்க ஓடிவருவார், ஜனங்களோ விசிலடித்து எங்களுக்கு முன்னால் ஓடுவார்கள். கிளிக் மட்டும் யாருக்காகவும் ஓடிவராது. கடைசியில் என் வாசிப்பை எடுத்துவிட்டு, கணிப்பொறித் தாளத்தை வைத்துப் பாடலை முடித்தார்கள். குழுத்தலைவர் அண்ணன் என் பங்குப் பணத்தில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல் கொடுத்தார். அதுதான் அதிகம் சுட்டது.

பயிற்சி வேண்டும் என்பது விளங்கிவிட்டது. எங்கே பயில்வது? டிரம்ஸ் செட் குழுவுக்குச் சொந்தம். நிகழ்ச்சி இல்லாத நாளில் ஒரு கிட்டங்கியில் பூட்டிக் கிடக்கும். வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்றால், எங்கள் வீடு ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட வரிசை வீடுகளில் ஒன்று. என் தாயார் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவர். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, சோறு பொங்கித் தூக்குவாளியில் அடைத்து, முந்தல் வழியாகப் போடிமெட்டு ஏறும் ஜீப்பைப் பிடிக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு அவர் கண் அயர்ந்தால்தான் மறுநாள் மலையில் கால் நிற்கும். அந்த வீட்டில் ஸ்னேர் டிரம்மைத் தட்டுகிறவன் மகனாக இருக்க முடியாது.

ஆகவே மின்னணு முரசு. அதன் மூளைக்குப் பெயர் மாட்யூல். பேடில் விழும் அடி மின் துடிப்பாகி மாட்யூலுக்குச் செல்லும். எந்த ஒலி, எவ்வளவு உரக்க என்பதை அது முடிவு செய்து ஹெட்போனுக்கு அனுப்பும். உலகம் இதை நெடுநாளாக அறியும். 1981-இல் சிம்மன்ஸ் என்ற ஆங்கிலேயக் கம்பெனியின் அறுகோணப் பேடுகள் வந்தன. 1985-இல் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி, ஒரே பெட்டியில் எட்டுக் கட்டங்கள் கொண்ட ஆக்டோபேடை வெளியிட்டது. முதலில் வந்த அப்பெட்டிக்குள் ஒலியே கிடையாது. 'மிடி' என்ற இணைப்பு வழியாக வேறு கருவியைத்தான் ஒலிக்கச் செய்யும். அடுத்த ஆண்டு, 1986-இல், இளையராஜா 'புன்னகை மன்னன்' படத்தில் கணிப்பொறி இசையைக் கையாண்டார். அவர் பிறந்த பண்ணைப்புரம் எங்கள் ஊரிலிருந்து மலையடிவாரத்தோடு தெற்கே போனால், தேவாரத்துக்கு அப்பால் வருகிற ஊர். அந்தப் பெருமையை எங்கள் பக்கத்தில் டீக்கடைப் பெஞ்சுகூடப் பேசும்.

பின்னாளில் ஒலிகளையும் உள்ளடக்கிய எஸ்.பி.டி-20 வந்தது. எட்டே கட்டங்களில் தபேலா, டோலக், தவில், உருமி என அனைத்தையும் ஒருவரே வாசிக்கலாம் என்றதும் தமிழ்நாட்டு மெல்லிசை மேடைகள் அதை வாரி அணைத்துக்கொண்டன. அதனால் எத்தனை உருமிக்காரர்கள் மேடையை விட்டு இறங்கினார்கள் என்ற கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை. வீரபாண்டி சித்திரைத் திருவிழாவில் உருமியைக் கிட்ட நின்று கேட்டவர்களுக்குத் தெரியும்: வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் அந்த உறுமல் ஒவ்வொரு தடவையும் வேறு. பேடில் எத்தனை தடவை தட்டினாலும் ஒரே உறுமல்தான். தட்டுகிற கருவிக்குத் தேய்க்கத் தெரியாது, என் செய்வது!

குழுத்தலைவர் அண்ணனின் யோசனை இந்த வகைப் பேடையே வாங்கு என்பது. "பையில போட்டுத் தோள்ல மாட்டிக்கிட்டுப் போயிரலாம். நாளைக்கே நாலு கல்யாணத்துக்குக் கூப்பிடுவாங்க. போட்ட காசு ஆறு மாசத்துல வந்துரும்டா." அவர் சொன்னது அத்தனையும் உண்மை. இன்னொரு நண்பன், நாமே ஒலியைப் பதிந்து ஏற்றிக்கொள்ளும் எஸ்.பி.டி-எஸ்.எக்ஸ் வகையைச் சொன்னான். அதைக் கேட்டபோது என் நாவிலும் நீர் ஊறியது. நம் ஊர் உருமியையே பதிந்து வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

குழப்பத்தோடு இருந்தவனை நம் துறைப் பேராசிரியர் ஒருவர் ஆய்வகத்துக்கு அழைத்தார். குழுவின் பழைய பேட் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி அதன் வயரைச் சி.ஆர்.ஓ.வில் இணைத்தார். பேடின் அடியில் ஒட்டியிருப்பது சிறு பீசோ வில்லை. அழுத்தினால் மின்னழுத்தம் தரும். 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்ததாக நாம் தேர்வில் எழுதி மறந்த அதே விளைவு. நான் ஓங்கி அடித்தேன். திரையில் பனைமரம்போல் ஒரு கோடு எழுந்து, பின் நடுங்கி நடுங்கி அடங்கியது. மெல்லத் தொட்டேன், புல் முளைத்ததுபோல் ஒரு சிறு அசைவு.

"இந்த நடுக்கத்தை இரண்டாவது அடி என்று எண்ணி ஏமாறக்கூடாது, இந்தப் புல்லைச் சத்தமில்லை என்று தள்ளவும் கூடாது. இரண்டையும் சரியாகச் செய்கிற மாட்யூல்தான் நல்ல மாட்யூல். உள்ளே எத்தனை ஒலி இருக்கிறது என்பது அப்புறம்" என்றார். மிடி முறையில் அடியின் வலிமை 1 முதல் 127 வரை எண்ணாகப் பதியும். மலிவான கருவி, மெல்லிய அடிகளை விழுங்கிவிட்டு, மற்றவற்றை ஒரே வலிமையாகக் காட்டி நம்மை முகஸ்துதி செய்யும். பிறகு அவர் கேட்டார்: "நீ வாங்குவது மேடைக்கா, பயிற்சிக்கா, பதிவுக்கா?" மூன்றுக்கும் என்றேன். "மூன்றுக்கும் பணம் இருக்கிறதா?" இல்லை என்றேன்.

என்னிடம் இருந்தது 35,000 ரூபாய். தாயார் சீட்டு எடுத்து 23,000 தந்தார். "எவ்வளவு சத்தம் கேக்கும்?" என்று மட்டும் கேட்டார். கேட்காது என்றேன். "சத்தம் கேக்காத கொட்டுக்கா இம்புட்டுக் காசு?" என்றவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் ஊர் ஏல மையத்தில் ஏலக்காய் வாங்க வரும் வியாபாரி மூட்டையின் உயரத்தைப் பார்ப்பதில்லை. முன்னே வரும் மாதிரிக் காயைக் கையில் எடுத்து, நிறத்தையும் பருமனையும் பார்த்து, ஒன்றை உடைத்து முகர்ந்து, பிறகே விலை சொல்வார். மதுரைக் கடைகளில் நானும் அப்படித்தான் செய்தேன். கடைக்காரர்கள் இடி இடிப்பதுபோல் ஓர் ஒலியைத் தேர்ந்து ஓங்கி அடித்துக் காட்டுவார்கள். நான் ஒலியைச் சாதாரண ஸ்னேருக்கு மாற்றி, குச்சியை இரண்டு அங்குல உயரத்திலிருந்து விழவிட்டுக் கேட்டேன். வேகமாக உருட்டி, அடிகள் விட்டுப்போகின்றனவா, ஒன்று இரண்டாகிறதா என்று எண்ணினேன். ஒரு பேடைத் தட்டினால் பக்கத்துப் பேட் முனகுகிறதா என்று பார்த்தேன். ஒரு கடையில், "தம்பி வாங்க வந்தீங்களா, பரீட்சை வைக்க வந்தீங்களா?" என்று கேட்டேவிட்டார்கள்.

எட்டுக்கட்டப் பெட்டியைத் தட்டியபோதுதான் ஒன்று உறைத்தது. அதில் கைக்கு வேலை, காலுக்கு இல்லை. பெடலை வெளியிலிருந்து இணைக்கலாம் என்றாலும் அதற்குத் தனிப் பணம். நான் ஓடுவதோ காலிலிருந்துதான் தொடங்குகிறது. நோய் காலில் இருக்க, கைக்கு மருந்து வாங்குவானேன்?

இறுதியாக ஒருவர் பயன்படுத்திய மின்னணு டிரம்ஸ் செட்டை 58,000 ரூபாய்க்குப் பேசி முடித்தேன். வலைத்தோல் பேடுகள், கிக் பெடலும் ஹை-ஹாட் பெடலும் உண்டு, மாட்யூல் ரோலண்ட் டி.டி-07. யு.எஸ்.பி. கம்பி ஒன்றாலேயே ஒலியையும் மிடியையும் கணிப்பொறியில் பதியலாம். நம் சொந்த ஒலியை ஏற்றும் வசதி அதில் இல்லை. உருமியைப் பதிந்து வைக்கும் ஆசையை மதுரையிலேயே விட்டுவிட்டு வந்தேன். அன்றிரவு அக்கா வீட்டில் தங்கி, மறுநாள் காலை ரயிலில் பெட்டிகளோடு போடி வந்து இறங்கினேன். 2010-இன் முடிவில் நின்று, அகலப்பாதையாகி, 2023 ஜூனில் மறுபடி எங்கள் ஊருக்கு வந்த ரயில் அது. பேருந்தாக இருந்தால் லக்கேஜ் விஷயத்தில் கண்டக்டரோடு சண்டை வந்திருக்கும்.

முதல் இரவு, ஹெட்போனில் உலகமே அதிர வாசித்தேன். மறுநாள் காலை பக்கத்து வீட்டு அத்தை, "ராத்திரி யாரு வீட்டுலப்பா உலக்கை போட்டது?" என்றார். ஹெட்போன் அடக்குவது ஒலியை மட்டும்; பெடலின் குத்து தரையில் இறங்கிச் சுவர் வழியே நடந்து போய்விடுகிறது. இயற்பியல் மாணவனுக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். ஒட்டுப்பலகை இரண்டுக்கு நடுவே பழைய டென்னிஸ் பந்துகளைப் பதித்து ஒரு மேடை செய்து, அதன்கீழ் சாக்குகளை மடித்துப் போட்டேன். குத்து முழுவதும் நிற்கவில்லை. ஆனால் அத்தை கேட்பதை நிறுத்தினார்.

கணிப்பொறியில் உள்ள ஒலிகளை மாட்யூல் வழியாக வாசித்தும் பார்த்தேன். அடிக்கும் கணத்துக்கும் கேட்கும் கணத்துக்கும் நடுவே ஒரு தயக்கம். கணிப்பொறி 256 மாதிரிகளைச் சேர்த்து அனுப்பினால், வினாடிக்கு 44,100 என்ற கணக்கில் ஏறக்குறைய 6 மில்லி வினாடி அதற்கே ஆகிவிடும். மற்றத் தாமதங்கள் தனி. காற்றில் ஒலி 10 மில்லி வினாடியில் மூன்றரை மீட்டர்தான் போகும். தாமதம் அந்த அளவை எட்டினால், டிரம்ஸை அறையின் மறுகோடியில் வைத்து வாசிப்பது போலிருக்கும். ஆகவே பயிலும்போது மாட்யூலின் சொந்த ஒலியையே கேட்பது. மிடியாகப் பதிந்துகொண்டு, பிறகு வேண்டிய ஒலியை மாற்றுவது என்று வைத்துக்கொண்டேன்.

இந்த மாட்யூலில் என்னை நாணவைத்த பயிற்சி ஒன்று உண்டு. கிளிக் சில அளவுகள் ஒலிக்கும். பிறகு வாய் மூடிக்கொள்ளும். நாம் தனியே வாசித்துக்கொண்டே போக வேண்டும். அது மறுபடி வாய் திறக்கும்போது நாம் எங்கே இருக்கிறோம் என்பது தெரிந்துவிடும். முதல் வாரம் அது திரும்பி வந்தபோதெல்லாம் நான் முன்னே போயிருந்தேன், ஜீப்பைத் தவறவிட்டவன் நடந்து கிளம்பியதைப் போல. கணிப்பொறித் திரையில் மிடிப் புள்ளிகள் கோட்டுக்கு இடப்புறம் வரிசையாக நின்று என்னைப் பார்த்தன. இரண்டாம் மாதம் சில புள்ளிகள் கோட்டின்மேல் ஏறின.

இதற்கிடையே குழுவில் எட்டுக்கட்டப் பேட் வைத்திருக்கும் வேறொரு தம்பி சேர்ந்துவிட்டான். தை மாதக் கல்யாணங்கள் அனைத்தும் அவனுக்கே போயின. அண்ணன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தலையைச் சொறிந்துகொள்வார். எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் பொய்.

சென்ற மாதம் அதே மதுரை ஒலிப்பதிவாளருக்கு, அன்று விடுபட்ட பாடலுக்கான தாளத்தை வீட்டிலேயே மிடியாக வாசித்து அனுப்பினேன். மூன்று நாள் பதிலில்லை. நான்காம் நாள் தொலைபேசியில் அழைத்தார். "பரவாயில்லையே தம்பி! பல்லவி, முதல் சரணம் ரெண்டும் வச்சுக்கலாம். ரெண்டாவது சரணம் மட்டும் இன்னும் ஓடுறீங்க. திரும்ப வாசிச்சு அனுப்புங்க."

இன்று அதைத்தான் வாசிக்க வேண்டும். மணி எட்டேகால். தாயார் படுக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது.