மண்ணுக்குள் போன அம்மி

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. செய்தி சேகரிக்கச் சென்றிருந்த நான், சேற்றில் பாதி புதைந்து கிடந்த ஓர் அம்மிக்கல்லைக் கண்டேன். "எங்க அப்பாயி அரைச்ச அம்மிங்க ஐயா" என்றார் அருகில் நின்ற முதியவர் ஒருவர். மாண்டோர், காணாமற்போனோர் பற்றி அன்று பக்கம் பக்கமாக எழுதினேன். அம்மியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

அண்மையில் கலாநிதி ஆனந்த குமாரசுவாமியின் 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் ஆங்கில நூலைப் புரட்டியபோது அந்த அம்மி மீண்டும் நினைவுக்கு வந்தது. சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வரான அவர், 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் அளவைப் பணிப்பாளராக இருந்தார். கல்லையும் மண்ணையும் ஆராயக் கிராமம் கிராமமாக நடந்தவரின் கண்ணில் பாக்குவெட்டியும் சுண்ணாம்புச் சிமிழும் பாயும் பானையும் பட்டன. ஊவாவும் அடங்கியிருந்த கண்டி இராச்சியத்தின் அக்கைவினைகளை, நுணுக்கமான சித்திரங்களோடும் மனைவி எதெல் எடுத்த ஒளிப்படங்களோடும் 1908இல் நூலாக்கினார். அச்சிட்டவை 425 பிரதிகளே. எனினும் அழியவிருந்த ஓர் உலகம் அதில் தப்பிப் பிழைத்தது.

தமது இறுதி முப்பது ஆண்டுகளை அவர் அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை அரும்பொருளகத்தில் கழித்தார். அந்நாட்டு அரசாங்கமும் 1935 முதல் 1942 வரை, வேலையிழந்த ஓவியர்களுக்குக் கூலி கொடுத்துப் பழைய வீட்டுப் பொருட்களை வரைவித்தது. ஒட்டுப்போர்வையின் தையலும் மண்குடத்தின் கீறலும்கூடத் தப்பவில்லை. ஏறத்தாழ 18,000 நீர்வண்ண ஓவியங்கள் இன்று வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கின்றன.

நமது லயங்களை யார் வரைந்தார்கள்? கம்பளைப் பகுதியிலுள்ள ஓல்ட் பீகொக் தோட்டத்தில் 2007இல் தோட்டத் தொழிலாளருக்கென ஓர் அரும்பொருளகம் அமைந்தது. போற்றத்தக்க முயற்சி. ஆனால் ஓர் அரும்பொருளகம் ஒவ்வொரு காம்பிராவையும் எட்டிப் பார்க்க இயலாது.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் ஒரு கொப்பியையும் பென்சிலையும் கொடுங்கள். கொழுந்துக் கூடையை, குப்பி விளக்கை, ஆட்டுக்கல்லை வரையச் சொல்லுங்கள். அளவையும், அதைக் கொண்டுவந்தவரின் பெயரையும் ஊரையும் அருகில் எழுதச் சொல்லுங்கள்.

மீரியபெத்தையில் அந்த முதியவரிடம் அவருடைய அப்பாயியின் பெயரை நான் கேட்கவில்லை.