கோழி அடையும் நேரம்

சென்ற கோடை விடுமுறையில் யான் திருவொற்றியூரில் பாட்டியார் வீட்டில் தங்கியிருந்தபொழுது, எட்டுக் கோழிக்குஞ்சுகளைக் கூட்டில் அடையப் பழக்கும் பொறுப்பு என்பால் வந்தது. அவை தாய்ச்சிறகின்கீழ் வளர்ந்தவை அல்ல; பொறியிற் பொரிந்து மின்விளக்கின் வெம்மையில் வளர்ந்தவை. தாய்க்கோழி இருப்பின் அந்தி மயங்கியதும் தானே முன் சென்று குஞ்சுகளைக் கூட்டிற்கு அழைத்துக்கொள்ளும். தாயறியாக் குஞ்சுகட்கோ கூடு வெறும் பலகைப் பெட்டியே. ஏழெட்டு வாரம் நிரம்பிய அவை மதிலோரத்தில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடந்தன. போதாக்குறைக்கு, கன்டெய்னர் லாரிகள் நிரைநிரையாய் நிற்கும் எண்ணூர்ச் சாலையின் விளக்கொளி எங்கள் முற்றத்தில் இரவெல்லாம் வீழும். இருள் கண்டு உறங்கும் இனம் அங்கே எதனைக் கண்டு உறங்கும்?

முதல் நாள் யான் விளக்குமாற்றால் அவற்றைத் துரத்தினேன். மூன்று புகுந்தன, ஐந்து சிதறின. மறுநாள் கூட்டைக் கண்டமாத்திரத்தில் எட்டுமே ஓடின. மூன்றாம் நாள் சலிப்புற்று, கிடந்தவாறு கிடக்கட்டுமென விட்டுவிட்டுப் படிக்கச் சென்றேன். மாலை முல்லைக்குரிய சிறுபொழுது என்பதை அன்றுதான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்! விடியலில் ஏழே இருந்தன. பெருச்சாளியோ பூனையோ அறியேன். மதிலடியில் சில இறகுகளே கிடந்தன. அந்நேரம் அடுத்த வீட்டுச் சேவல் கூவிற்று. சேவற்குரல் கேட்டு வெளியே போய் அழுத பேதுருவின் நிலை எனக்குச் சிறிது விளங்கிற்று.

பாட்டியார் என்னை வைதாரில்லை. "புது வீட்டிற்கு வந்தபொழுது எனக்கே ஒரு மாதம் உறக்கமில்லை, இவை குழந்தைகள் அல்லவா?" என்றார். அவர் வாழ்ந்த பழைய வீடு கடலோரத்தில் இருந்தது. 1876இல் சென்னைத் துறைமுகப் பணி தொடங்கிய பின்னர்த் தெற்கே மணல் சேர்ந்து மெரீனா அகன்றதும், வடக்கே இராயபுரம் முதலாகக் கரை அரிக்கப்பட்டதும் பலரும் அறிந்தனவே. அவ்வீட்டையும் கடல் கொண்டது.

அவர் சொற்படி ஐந்து நாள் குஞ்சுகளைப் பகலிலும் வெளியே விடவில்லை. தீனியும் நீரும் கூட்டிலேயே வைத்தோம். சாலை விளக்கு நோக்கிய பக்கத்தில் கோணியைத் தொங்கவிட்டோம். முழ உயரத்தில் இருந்த கழியைச் சாண் உயரத்திற்கு இறக்கி, அதன் விளிம்புகளை இழைத்தேன். ஆறாம் நாள் வெளியே விட்டோம். நன்கு இருட்டிய பின்னர், மதிலோரம் ஒதுங்கியிருந்தவற்றை ஒவ்வொன்றாய் இரு கையாலும் ஏந்திக் கழிமேல் அமர்த்தினேன். இருளில் கோழிக்குக் கண் தெரிவது அரிது. ஆதலின் அவை முரண்டாமல் அமர்ந்தன. கோழி கூட்டிற் சேர்வதையும் முட்டைமேல் அமர்வதையும் 'அடை' என்னும் சொல்லாலேயே வழங்குகிறோம். அடைக்கலமும் அதற்கு உறவே. தமிழ் பயில்வோன் இதனைச் சொல்லாதிருத்தல் அரிது, பொறுத்தருள்க.

பத்தாம் நாள் அந்தியில் ஆறு குஞ்சுகள் தாமே கூட்டிற் புகுந்தன. ஏழாவது மட்டும் மதிலோரத்தையே நாடியது. கல்லூரி திறக்கும்வரை அதனை நாடோறும் யானே தூக்கிச் சென்றேன். இப்பொழுது பாட்டியார் தூக்கிச் செல்கிறார்.