சத்தமில்லாமல் மாறிய பக்கம்

இணையதளங்கள் உருவாக்குவது என் தொழில். பக்கம் முழுவதும் மறுபடி லோடு ஆகாமல், வேண்டிய பகுதி மட்டும் சட்டென்று மாறும்படி அமைப்பதில் கெட்டிக்காரன் என்று நண்பர்களிடையே எனக்குப் பெயர் உண்டு. அந்தக் கெட்டிக்காரத்தனத்தால் பார்வையற்றவர்களுக்கும், மவுஸ் பிடிக்கக் கை ஒத்துழைக்காதவர்களுக்கும் பல ஆண்டுகள் வழியை அடைத்து வைத்திருந்தேன். தொடங்கியது தெரியாமல். ஆனால் தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை. முதலாவதை மன்னிக்கலாம். இரண்டாவதற்கு நான் பொறுப்பேற்றாக வேண்டும்.

இந்த உத்தியின் மேல் எங்கள் தலைமுறைக்கு வந்த மோகத்துக்குக் காரணம் இருந்தது. 1999இல் மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 பிரவுசரில் கொண்டுவந்த ஒரு வசதி, பக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு பின்னணியில் சர்வரிடம் தகவல் கேட்க வழி செய்தது. 2004இல் வந்த ஜிமெயிலும் 2005இல் வந்த கூகுள் மேப்ஸும் அதை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று காட்டின. 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் ஒரு கட்டுரையில் அதற்கு ‘அஜாக்ஸ்’ என்று பெயர் வைத்தார். இணைப்பு மெதுவாக இருந்த நம் ஊரில், ஒவ்வொரு கிளிக்குக்கும் அதே லோகோ, அதே மெனு, அதே படங்கள் திரும்பத் திரும்ப இறங்குவதைப் பார்த்து நொந்தவர்கள் நாங்கள். உள்ளே இருப்பது மட்டும் மாறினால் போதும் என்பது நியாயமான ஆசைதான்.

நான் யோசிக்கத் தவறியது வேறு. சாதாரண லிங்க் ஒன்றை அழுத்தினால் பிரவுசர் ஒரு வேலையோடு நிற்பதில்லை. முகவரியை மாற்றுகிறது. போன பக்கத்தைத் தன் வரலாற்றில் குறித்துக்கொள்கிறது. புதிய தலைப்பைப் போடுகிறது. கீபோர்டின் கவனத்தை, அதாவது ஃபோகஸை, பக்கத்தின் தொடக்கத்துக்குக் கொண்டுபோகிறது. புதிய பக்கம் வந்ததை, திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் உணர்ந்து தலைப்பைச் சொல்லி வாசிக்கத் தொடங்குகிறது. பேக் பட்டனை அழுத்தினால், முன்பு படித்துக்கொண்டிருந்த இடத்திலேயே கொண்டுவந்து விடுகிறது. பிரவுசரைத் தள்ளிவிட்டு ஜாவாஸ்கிரிப்ட் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டால், இவை அத்தனையும் எழுதுகிறவன் தலையில் விழுகின்றன. நான் கண்ணுக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் செய்தேன். மற்றவை எல்லாம் என் கையால் காணாமல் போயின.

ஓர் அறக்கட்டளைக்காக மாணவர் உதவித்தொகைத் தளம் ஒன்றைக் கட்டிக்கொடுத்தேன். மெனுவில் இருந்தவை லிங்குகளே அல்ல. கிளிக் செய்தால் வேலை செய்யும் வெறும் டிவ் பெட்டிகள். டேப் விசை அவற்றைத் தொடாமல் தாண்டிப்போகும். எந்தப் பகுதிக்குப் போனாலும் முகவரி மாறாது. தலைப்பு எப்போதும் ‘முகப்பு’தான். செய்து முடித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது, அவ்வளவு வேகம்.

தளத்தில் எதுவுமே நடக்கவில்லை என்று ஒரு மாணவி அறக்கட்டளைக்குப் போன் செய்திருந்தார். பார்வையற்றவர். நேரில் வரச்சொல்லி என் மேசையில் உட்காரவைத்தேன். என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடரில் பழகியவர். அது பேசிய வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை; அவருக்கு அது சாதாரணம். அம்புக்குறி விசையால் மெனுவில் இறங்கி ‘விண்ணப்பம்’ என்பதைக் கண்டுபிடித்து என்டர் தட்டினார். திரையில் அரை நொடியில் படிவம் வந்துவிட்டது. ஸ்கிரீன் ரீடர் வாய் திறக்கவில்லை. மறுபடி தட்டினார். படிவம் இன்னொரு முறை வந்தது. அப்போதும் மௌனம். இன்சர்ட் விசையோடு டி விசையை அழுத்தித் தலைப்பைக் கேட்டார். ‘முகப்பு’ என்றது.

“நெட் போயிடுச்சா சார்?”

“வந்துடுச்சும்மா, கீழே இருக்கு பாருங்க.”

“வந்திருக்குன்னு எனக்கு எப்படி சார் தெரியும்?”

நான் கீழே இறங்கச் சொல்லிக்கொடுத்தேன். பெயர், கல்லூரி, வங்கிக் கணக்கு என்று பிழையில்லாமல் மளமளவென நிரப்பினார். ஒரு விவரத்தைச் சரிபார்க்க முந்தைய பகுதிக்குப் போக நினைத்து, ஆல்ட் விசையோடு இடது அம்புக்குறியை அழுத்தினார். முகவரியே மாறாத தளத்தில் ‘முந்தைய பக்கம்’ என்று எதுவும் இல்லை. பிரவுசர் தளத்தை விட்டே வெளியேறியது. நிரப்பியது எல்லாம் போனது. அவர் கோபப்படவில்லை. “பரவாயில்லை சார், யாரையாவது வெச்சுப் போட்டுக்கறேன்” என்றார். தன் வேலையைத் தானே செய்யத் தெரிந்த ஒருவரை, இன்னொருவர் துணையைத் தேடும்படி செய்தது என் நிரல்.

அன்றே திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. குறைகள் பட்டியலில் சேர்த்து, ‘அடுத்த வெளியீட்டில்’ என்று எழுதினேன். அடுத்த வெளியீடு வந்தது, போனது. அறக்கட்டளைக்காரர்கள் கேட்டபோது, “அவங்களுக்குத் தனியாக ஓர் எளிய பக்கம் போட்டுடலாம்” என்று சொல்லி, அதையும் போடவில்லை. நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதே மாதங்களில் பக்கங்கள் வழுக்கிக்கொண்டு மாறும் அனிமேஷனை நுணுக்கி நுணுக்கிச் செதுக்க எனக்கு நேரம் இருந்தது.

பிறகு செய்த திருத்தமும் அரைகுறை. மாற்றங்களை ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்ல ஏரியா-லைவ் என்ற குறி உண்டு என்று படித்தேன். பக்கத்தின் உள்ளடக்கம் முழுவதையும் அதற்குள் போட்டு, பேச்சை இடைமறித்துச் சொல்லும் ‘அசெர்டிவ்’ நிலையில் வைத்தேன். எதை அழுத்தினாலும் முழுப் பக்கத்தையும் அது ஒரே மூச்சில் கொட்டியது. தள மெனுவுக்கு, அது என்ன வகை என்று ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்லும் ‘மெனு’ என்ற ரோலும் கொடுத்தேன். அந்த ரோல் மென்பொருள்களில் வரும் கட்டளைப் பட்டியலுக்கானது. அம்புக்குறியால் நகரலாம் என்று கேட்பவரை நம்பவைக்கும். அந்த அம்புக்குறிக்கான நிரலை நான் எழுதவே இல்லை. யாரையும் கேட்காமல், கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறைகூடச் சோதிக்காமல், “அணுகல்தன்மை முடிந்தது” என்று குறித்துக்கொடுத்தேன். சும்மா இருந்ததைவிட இது மோசம்.

வழிகாட்டுதல் இல்லை என்று சொல்லவும் எனக்கு வாயில்லை. இணையதள அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி 2.0 நெறிகள் 2008இல் வந்துவிட்டன. இந்திய அரசுத் தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009இல் வந்தன. ஏரியா-லைவ் போன்ற குறிகளை வரையறுக்கும் ஏரியா 1.0 தரம் 2014இல் இறுதியானது. பக்கம் லோடு ஆகாமலே முகவரியை மாற்றும் புஷ்-ஸ்டேட் வசதி அதற்கும் முன்பே பிரவுசர்களில் இருந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறியது. எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. நான் கை நீட்டவில்லை.

செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலையும் அல்ல. மெனுவில் உண்மையான முகவரியோடு உண்மையான லிங்க் இருக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் முடங்கினாலும் அது போகும் இடத்துக்குப் போகும். கன்ட்ரோல் விசையோடு அழுத்தினால் புதிய டேபில் திறக்க விட்டுவிட வேண்டும். உள்ளடக்கம் வந்ததும் முகவரியையும் தலைப்பையும் மாற்ற வேண்டும். பேக் பட்டனுக்குப் பதில் சொல்லும் நிரல் வேண்டும். மெனுவில் இப்போது எந்தப் பக்கம் என்பதை நிறத்தால் மட்டும் காட்டாமல், ஏரியா-கரன்ட் குறியாலும் சொல்ல வேண்டும்.

இதில் நான் மிகத் தாமதமாகப் புரிந்துகொண்டது ஒரு வேறுபாடு. ஆள் வேறு பக்கத்துக்குப் போகிறார் என்றால், கீபோர்டின் ஃபோகஸை அவரோடு கூட்டிப்போய்ப் புதிய பக்கத்தின் முதன்மைத் தலைப்பில் வைக்க வேண்டும். அந்தத் தலைப்புக்கு டேப்-இன்டெக்ஸ் மதிப்பு -1 கொடுத்தால் அது ஃபோகஸை ஏற்கும். அவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார், பக்கத்தில் ஏதோ ஒன்றுதான் மாறுகிறது என்றால், ஃபோகஸைத் தொடவே கூடாது. தேடல் பெட்டியில் தட்டச்சு செய்துகொண்டிருப்பவரை இழுத்து முடிவுகளில் போட்டால் அவர் தொலைந்துபோவார். ‘12 முடிவுகள்’ என்று ஒரு சிறு சேதி, பேச்சை இடைமறிக்காத ‘பொலைட்’ நிலையில் காதில் விழுந்தால் போதும். அந்தச் சேதிக்கான இடம் பக்கம் திறக்கும்போதே காலியாக இருந்தாக வேண்டும். சேதியோடு சேர்த்துப் பிறகு செருகினால் பல நேரம் வாசிக்கப்படாது. 2018இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1, இந்த நிலைச் செய்திகளுக்கென்றே தனி விதி வைத்திருக்கிறது.

2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர் ஒருவரும் தொடுத்த வழக்குகளில் வந்த தீர்ப்பு அது. அதைப் படித்த அன்று எனக்கு உறைத்தது: அந்த மாணவிக்கு நான் செய்யத் தவறியது ஓர் உபகாரம் என்றே அதுவரை நினைத்திருந்தேன். அது உபகாரம் இல்லை. அவருக்குச் சேரவேண்டியது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தத் தளத்தின் பயன்பாட்டு அறிக்கையில், படிவத்தைத் திறந்துவிட்டு அனுப்பாமல் போனவர்கள் எப்போதும் உண்டு. அவர்களை ‘ஆர்வமில்லாதவர்கள்’ என்று நானே வகைப்படுத்தி அறக்கட்டளைக்கு அறிக்கை கொடுத்தேன். அவர்களில் எத்தனை பேர் என் மௌனப் பக்கத்தில் சிக்கித் திரும்பிப் போனார்கள், எத்தனை பேருக்குக் கல்லூரிக் கட்டணம் கைவிட்டுப் போனது என்று இனி யாராலும் கணக்கெடுக்க முடியாது. போன் செய்தவர் ஒருவர். செய்யாதவர்கள் ஏன் போனார்கள் என்பதை நானாகக் கற்பித்து எழுதினேன்.

இப்போது எந்தத் தளத்தையும் ஒப்படைக்கும் முன் மவுஸைக் கழற்றிவிட்டு, திரையை அணைத்துவிட்டு, என்விடிஏவின் குரலை மட்டும் நம்பி முதலிலிருந்து கடைசிவரை போய்ப் பார்க்கிறேன். அதோடு விடாமல், ஸ்கிரீன் ரீடரை அன்றாடம் பயன்படுத்துகிறவர்களை ஊதியம் கொடுத்து அழைத்துச் சோதிக்கச் சொல்கிறேன். அவர்கள் சரி என்று சொல்லாமல் தளம் வெளியே போவதில்லை. இதே தொழிலில் இருப்பவர்களிடம் கேட்பதும் இதைத்தான். உங்கள் குறைகள் பட்டியலில் ‘அடுத்த வெளியீட்டில்’ என்று கிடக்கும் அந்த ஒரு வரியை இந்த வாரமே எடுத்துச் செய்யுங்கள். அதற்குப் பின்னால் கட்டாயம் ஓர் ஆள் காத்திருக்கிறார்.